உறுப்பு உறுப்பாக ஓர் உருவம்: டிஜிட்டல் சிற்பம் பழகத் தொடங்குவோருக்கு

கணினித் திரையில் களிமண்ணைப் போல உருவம் வடிக்கும் டிஜிட்டல் சிற்பத்தைப் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே மூக்கை இழுத்து, கண்ணைக் குழித்து, கழுத்தை நீட்டி, கை கால்களையும் வரவழைத்துவிட முயல்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று வாரம் ஒரு முழு உருவத்தோடு மல்லுக்கட்டி, உதடுகள் ஓரளவு உயிர்பெற்று வந்த நேரத்தில், பரப்பைப் புதுப்பிப்பதற்கான விசையை அழுத்தினேன். மேலுதடும் கீழுதடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாய் இருந்த இடத்தில் ஒரு தழும்புதான் மிஞ்சியது. விரல்களும் ஒட்டிப்போய்க் கை ஒரு துடுப்பாகிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி புரிந்துவிடும். பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் உள்ள வோக்சல் ரீமெஷ் என்னும் வசதி, உருவத்தின் பரப்பு முழுவதையும் ஒரே அளவுள்ள சிறு கட்டங்களால் புதிதாகப் பின்னித் தருகிறது. இரு பரப்புகளுக்கு இடையிலான இடைவெளி அந்தக் கட்டத்தின் அளவைவிடச் சிறியதாக இருந்தால், அவை சேர்ந்துவிடும். கட்டத்தைச் சிறிதாக்கலாமே என்று தோன்றும். ஆனால் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் பாலிகன்களின் (பரப்பை ஆக்கும் சிறு தட்டைத் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. உதடுகளுக்குத் தேவையான நுண்மையைக் கொடுக்கப் போய், அதே நுண்மையை வெறுமையான முதுகுக்கும் தொடைக்கும் சேர்த்துக் கொடுக்க நேர்கிறது. கணினி திணறத் தொடங்குகிறது. தலை தனி, கை தனி, உடல் தனி என்று இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதற்கு வேண்டிய அளவை மட்டும் கொடுக்கலாம். ஒன்றில் நேர்ந்த பிழை மற்றொன்றைத் தொடாது.

எங்கே பிரிப்பது?

பிரிப்பதற்கு நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். இங்கே பொருள் மாறுகிறதா? இந்தப் பாகம் பின்னால் தனியாக அசையப்போகிறதா? இதன் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் மறைந்திருக்கிறதா? ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்ற விடை கிடைத்தால், அங்கே பிரிக்கலாம். தோலும் துணியும் சந்திக்கும் இடத்தில் பொருள் மாறுகிறது. கண்விழி அசையும். பற்கள் உதட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இவையெல்லாம் கடைசிவரை தனியாகவே இருக்க வேண்டிய பாகங்கள். கண்விழிகள், பற்கள், நாக்கு, முடி, உடை, இடைவார், காலணி ஆகியவை இந்த வகையைச் சேரும்.

இரண்டாவது வகை ஒன்று உண்டு. காது, கை விரல்கள், தலை, உடற்பகுதி ஆகியவை எல்லாம் ஒரே தோல்தான். இறுதியில் அவை ஒன்றாகவே சேரும். ஆனாலும் வடிக்கும் காலம் வரைக்கும் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வசதி. இவற்றைத் தற்காலிகப் பாகங்கள் என்று சொல்லலாம். எந்தப் பாகம் எந்த வகை என்பதைத் தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளாதவர்கள் சேர்க்கக் கூடாததைச் சேர்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கண்ணைத் திருப்ப முடியாமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிளெண்டர் இலவசமானது, 2002 முதல் அதன் மூல நிரல் திறந்த நிலையில் கிடைக்கிறது. தொழில்முறைச் சிற்பிகள் பலர் பயன்படுத்தும் இசட்பிரஷ் மென்பொருளில், தனித்தனிப் பாகங்களுக்கு சப்டூல் என்று பெயர். டேப்லெட்டில் பழக விரும்புகிறவர்களுக்கு நோமட் ஸ்கல்ப்ட் நன்றாக உதவும். இங்கே கட்டளைப் பெயர்களை பிளெண்டரைக் கொண்டு சொல்கிறேன்; முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அழுத்தத்தை உணரும் பேனா ஒன்று கட்டாயம் வேண்டும். மவுஸைக் கொண்டு பழகினால் கையின் அழுத்தம் கோட்டில் இறங்காது. நல்ல சிற்பத்துக்கு அந்த அழுத்தமே உயிர்நாடி.

முதல் உருவத்துக்கு எளிய உடை, குட்டையான முடி, கைகளைச் சற்றே விரித்து நேராக நிற்கும் நிலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். முன்புறம், பக்கவாட்டு, முக்கால் பக்கம் என மூன்று கோணங்களிலாவது மாதிரிப் படங்கள் இருக்க வேண்டும். அடுத்து, பார்வைச் சாளரத்தின் (உருவத்தைக் காட்டும் திரைப்பகுதியின்) குவிய நீளத்தை மாற்றுங்கள். பிளெண்டரில் அது இயல்பாக 50 மி.மீ. என்று இருக்கும், முகம் செய்யும்போது அதை 80 முதல் 100 வரை உயர்த்தினால், மூக்கு மட்டும் பெரிதாகித் தெரிகின்ற திரிபு குறையும். இதைச் செய்யாமல் முகத்தை முடித்துவிட்டு, பிறகு தொலைவிலிருந்து பார்த்தால் அது வேறொருவரின் முகமாக இருக்கும்.

முரட்டு வடிவம்

இனி எல்லாப் பாகங்களையும் எளிய வடிவங்களால் அடுக்க வேண்டும். மண்டைக்கு ஒரு முட்டை வடிவம், தாடைக்குக் கீழ்நோக்கிக் குறுகும் ஆப்பு, விலாக்கூட்டுக்கு இன்னொரு பெரிய முட்டை, இடுப்புக்கு ஒரு பெட்டி, கை கால்களுக்கு மூட்டுதோறும் பிரிந்த உருளைகள். கழுத்தை நேராக நட்டுவைக்காதீர்கள். அது தோளிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்தே தலையைத் தாங்குகிறது. இந்தச் சாய்வு ஒன்று தவறினாலே உருவம் பொம்மையைப் போல விறைத்து நிற்கும்.

அளவுகளை இந்தக் கட்டத்திலேயே சரிபார்க்க வேண்டும். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு இருக்கும். வீர உருவங்களுக்கு 8 தலையோ அதற்கு மேலோ வைப்பதுண்டு. ஒரு வயதுக் குழந்தை சுமார் 4 தலை உயரம்தான். உருவத்தின் உயரம் 170 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், தலையின் உயரம் ஏறத்தாழ 22.7 செ.மீ. ஆகும். கால்கள் பிரியும் இடம் மொத்த உயரத்தின் நடுப்பகுதியில் அமையும். கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடுப்பின் ஒடுக்கத்துக்கு நேராகவும், மணிக்கட்டு கால்கள் பிரியும் மட்டத்திலும், விரல் நுனிகள் நடுத்தொடையிலும் வரும். கேலிச்சித்திர உருவம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இயல்பான அளவை அறிந்தவரே அதைத் துணிந்து மீற முடியும்.

ஒரு கைக்கும் ஒரு காலுக்கும் மட்டும் வேலை செய்து, மிரர் மாடிஃபையர் (ஒரு பக்கத்தைக் கண்ணாடிபோல மறுபக்கத்தில் காட்டும் வசதி) மூலம் மறுபக்கத்தை வரவழையுங்கள். இங்கே புதியவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மிரர் மாடிஃபையரும் சரி, பிரஷ் என்னும் செதுக்கும் கருவியால் வடிக்கும் ஸ்கல்ப்ட் பயன்முறையின் சமச்சீரும் சரி, பொதுவாக அந்தப் பொருளின் ஆதாரப் புள்ளியை (அதன் இடத்தைக் குறிக்கும் புள்ளியை) நடுவாகக் கொண்டே இயங்குகின்றன. கையை இடம் மாற்றும்போது ஆதாரப் புள்ளியும் சேர்ந்து நகர்ந்துவிட்டால், மறு கை உடலின் மறுபக்கத்தில் வராமல், இந்தக் கையின் மேலேயே வந்து நிற்கும். ஆகவே கையின் ஆதாரப் புள்ளியை உடலின் நடுக்கோட்டில் வைத்துவிடுங்கள். அதைப் போலவே, ஓர் உருண்டையை ஒரு திசையில் மட்டும் நீட்டி முட்டையாக்கிய பிறகு, கண்ட்ரோல், ஏ விசைகளை அழுத்தி அந்த அளவு மாற்றத்தை நிலைப்படுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வட்டமாகப் பதிய வேண்டிய பிரஷ் நீள்வட்டமாகப் பதியும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் உடனே பெயர் வையுங்கள். பெயரில்லாத நாற்பது உருண்டைகளுக்கு நடுவே இடது காதைத் தேடுவது வீண் உழைப்பு.

பாகங்களை இந்த நிலையில் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நிழலுருவத்தை மட்டும் பாருங்கள். பார்வைச் சாளரத்தின் ஒளியமைப்பைச் சீரான தட்டை நிறத்துக்கு மாற்றி, உருவத்தை முழுக் கறுப்பாக வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தால், தோள் குறுகியிருப்பதும் தலை பெருத்திருப்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும். தனிப்பாகமாக இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது. தலை பெரிதாக இருக்கிறதா, அதை மட்டும் பிடித்துச் சுருக்கலாம். கழுத்து நீளமா, தலையை ஒரு விரற்கடை கீழே இறக்கலாம். நொடியில் முடியும் இந்த வேலைக்கு, ஒரே மெஷ்ஷில் (ஒன்றாகப் பின்னிய பரப்பில்) அரை நாள் ஆகும். முதல் உருவத்துக்கு இந்தக் கட்டத்திலேயே இரண்டு மூன்று நாள் செலவிட்டாலும் தவறில்லை.

கண்

ஒரு பாகத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். கண்ணை எடுத்துக்கொள்கிறேன், தனிப்பாக முறையின் நியாயம் அங்கே கண்கூடாக விளங்கும்.

வளர்ந்தவரின் கண்விழி ஏறத்தாழ 24 மி.மீ. விட்டமுள்ள உருண்டை. அதைத் தனிப் பொருளாக வைத்து, தலை உயரத்தின் சரிபாதி மட்டத்தில் நிறுத்துங்கள். கண்களை நெற்றியை ஒட்டி ஏற்றிவைப்பது தொடங்குபவர்களின் கை தானாகச் செய்யும் தவறு. இரு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண் அளவு இடைவெளி இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது விழியின் முன்பக்கம் புருவ எலும்பைவிடச் சற்று உள்ளே இருக்க வேண்டும். விழி வைத்த பிறகே இமை. முதலில் இமையைச் செதுக்கி அந்தத் துளைக்குள் உருண்டையைத் திணித்தால், இமை ஒருபோதும் விழியின் மேல் படியாது.

இமை என்பது விழியின் மேல் போர்த்திய தோல். கிளே ஸ்டிரிப்ஸ் பிரஷ்ஷால் விழியின் மேற்புறத்தைச் சுற்றி ஒரு பட்டையையும் கீழ்ப்புறத்தில் மற்றொரு பட்டையையும் ஏற்றி, கிராப் பிரஷ்ஷால் அவற்றை விழியோடு ஒட்டி நகர்த்துங்கள். இப்போது உருவத்தைத் திருப்பித் தாடைக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். இமையின் விளிம்பு உருண்டையின் வளைவைத் தொடர்ந்து வில்லாகத் தெரிகிறதா? முன்பக்கத்திலிருந்து அழகாகத் தெரிந்த கண், இந்தக் கோணத்தில் தட்டையாக இருந்தால் அது இன்னும் வரைபடம்தான், சிற்பமாகவில்லை. வெளி ஓரம் உள் ஓரத்தைவிடப் பின்னால் தள்ளி இருக்கும். மேலிமையின் உச்சி மூக்கை நோக்கிச் சற்றே ஒதுங்கியிருக்கும். கீழிமையின் தாழ்ந்த புள்ளி வெளி ஓரத்தை நோக்கி ஒதுங்கியிருக்கும். இந்தச் சாய்வு இல்லாமல் இரு இமைகளையும் பாதாம் பருப்பைப் போல ஒத்த வடிவில் வைத்தால், பார்வை வெறித்துவிடும்.

விளிம்புக்குத் தடிப்பு கொடுக்க மறக்காதீர்கள். இமை ஒரு காகிதத்தைப் போல முடிந்துவிடுவதில்லை. விழியைத் தொடும் இடத்தில் ஒரு சிறு திட்டு இருக்கிறது. ஒளி வந்து பளபளப்பதும், கண்ணில் ஈரம் இருப்பதாக நமக்குத் தோன்றுவதும் அந்தத் திட்டில்தான். மேலிமை கருவிழியின் மேல் ஓரத்தைச் சற்றே மூடியிருக்கட்டும். முழு வட்டமும் தெரிந்தால் உருவம் திடுக்கிட்டு விழிப்பதாகத் தோன்றும். இவ்வளவும் செய்த பிறகு விழி உருண்டையை ஒரு கணம் மறைத்துவிட்டு உள்ளே பாருங்கள். ஒழுங்கான கிண்ணம் போன்ற குழி தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

வாய்க்கும் இதே முறைதான். பற்களின் வரிசையைக் குதிரை லாட வடிவில் ஒரு தனிப் பாகமாக முதலில் வைத்து, அதன் மேல் உதடுகளை வளையுங்கள்.

கை விரல்கள்

கையைத் தனியே எடுத்து, திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக வைத்துக்கொண்டு செய்யலாம். எண் விசைப்பலகையில் உள்ள சாய்கோட்டு விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பாகம் மட்டும் திரையில் நிற்கும். உள்ளங்கைக்கு ஒரு தட்டைப் பெட்டி, கட்டைவிரலுக்கு இரண்டு கணுத் துண்டுகள், மற்ற ஒவ்வொரு விரலுக்கும் மூன்று. விரல்களின் அடிகள் ஒரே நேர்கோட்டில் அமையாமல் ஒரு வில்லின் மேல் வரிசையாக நிற்கின்றன. கட்டைவிரலின் நகம் மற்ற விரல்களின் நகங்கள் பார்க்கும் திசையைப் பார்க்காது. அது ஏறத்தாழ பக்கவாட்டில் திரும்பியிருக்கும். விரல்களுக்கு நடுவில் உள்ள தோல் காரணமாக, உள்ளங்கைப் பக்கம் விரல்கள் குட்டையாகவும் புறங்கைப் பக்கம் நீளமாகவும் தெரியும். உங்கள் கையையே திருப்பிப் பாருங்கள். துண்டுகளைச் சேர்க்கும்வரை விரல்களை நன்றாக விரித்தே வையுங்கள். நெருங்கினால் முன்னே சொன்ன துடுப்புதான்.

முடியும் உடையும்

முடியை இழை இழையாகச் செய்ய முயலாதீர்கள். கற்றைகளாகப் பிரித்து, பெரிய கற்றைகள் ஐந்தாறு, அவற்றின் மேல் நடுத்தரக் கற்றைகள், கடைசியில் ஓரங்களில் சில மெல்லிய பிரிகள் என்று செல்லுங்கள். ஒவ்வொரு கற்றையும் தலையில் எங்கிருந்து முளைக்கிறது என்பது தெரிய வேண்டும்.

உடைக்கு, உடலின் மேல் சட்டை மூடும் பகுதியை மாஸ்க் பிரஷ்ஷால் பூசி, மாஸ்க் மெனுவில் உள்ள எக்ஸ்ட்ராக்ட் கட்டளையைக் கொடுத்தால், அந்த வடிவில் ஒரு தனி மெஷ் கிடைக்கும். சாலிடிஃபை மாடிஃபையர் அதற்குத் தடிப்பு தரும். அப்படிக் கிடைப்பது உடலோடு ஒட்டிய ஈரத்துணியாகத்தான் இருக்கும். அதை விலக்கித் தளர்த்துவது உங்கள் வேலை. துணி தோளிலும் மார்பிலும் தாங்கி நிற்கிறது, மற்ற இடங்களில் தொங்குகிறது. மடிப்புகள் தாங்கும் புள்ளியிலிருந்து புறப்பட்டு, இழுபடும் அடுத்த புள்ளியை நோக்கி ஓடுகின்றன. முழங்கையின் உட்புறத்தில் கசங்கிக் குவிகின்றன.

பாகங்கள் சந்திக்கும் இடம்

தனித்தனியாக வடிப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாகமும் அழகாக இருக்கும், உருவம் மட்டும் ஒரு உருவமாக இருக்காது. தலையில் மூன்று நாள் மூழ்கியிருந்துவிட்டு வெளியே வந்தால், அது உடலுக்குப் பொருந்தாமல் செருகி வைத்ததுபோல இருக்கும். ஆகவே ஒரு பாகத்தில் அரை மணி நேரம் வேலை செய்தால், எல்லாப் பாகங்களையும் திரையில் வரவழைத்து, தொலைவில் நிறுத்தி ஒருமுறை பாருங்கள். ஆல்ட், கியூ விசைகளை அழுத்தினால், ஸ்கல்ப்ட் பயன்முறையை விட்டு வெளியே வராமலே, சுட்டியின் கீழுள்ள பாகத்துக்குத் தாவலாம். நான் முகத்தில் பத்துக் கோடு இழுத்தால் தோளில் இரண்டு கோடாவது இழுத்துவிட்டுத் திரும்புவேன். பாகங்கள் சேர்ந்தே வளர இந்தப் பழக்கம் உதவுகிறது.

தற்காலிகப் பாகங்களை இணைக்கும் நாள் வரும்போது, முதலில் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். இணைத்த பிறகு பிரிப்பது மிகக் கடினம். கழுத்து உடலுக்குள்ளும், கை தோளுக்குள்ளும் தாராளமாகப் புதைந்திருக்க வேண்டும். ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பில் ஓட்டை விழும். மிரர் போன்ற மாடிஃபையர்களை நிலைப்படுத்திவிட்டு, பாகங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஜே விசைகளால் ஒரே பொருளாக்கி, பிறகு ஸ்கல்ப்ட் பயன்முறையில் கண்ட்ரோல், ஆர் விசைகளால் ரீமெஷ் செய்யுங்கள். உள்ளே புதைந்திருந்த பரப்புகள் மறைந்து, வெளித்தோல் மட்டும் நிற்கும். இந்த ஒரு முறை மட்டும் கட்டத்தின் அளவை, விரல்களுக்கும் உதட்டுக்கும் தேவையான நுண்மைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இணைப்புக் கோடு தெரியும். பலர் ஸ்மூத் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துத் தேய்த்து, கழுத்தை ஒரு குழாயாக்கிவிடுகிறார்கள். அதைவிட நல்ல வழி, இணைப்பைக் கடந்து செல்லும் ஒரு தசையை அதன் மேல் வடிப்பது. காதுக்குப் பின்னாலிருந்து இறங்கி, கழுத்தின் பக்கவாட்டில் சாய்ந்து, தொண்டைக் குழியருகே மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் சேரும் தசையை இருபுறமும் வடித்துவிட்டால், தலையும் உடலும் சந்தித்த கோடு அதன் அடியில் போய்விடும். தோளுக்கு அப்படியே தோள்தசையை மேற்கையின் வெளிப்புறத்தில் பாதித் தூரம் வரை இறக்கிவிடுங்கள்.

தனியாகவே நிற்கும் பாகங்களுக்கு வேறு கவனம் வேண்டும். சட்டைக் கழுத்துப் பட்டை பின்கழுத்தில் உராய்ந்தும் முன்னே சற்று விலகியும் நிற்கும். இடைவார் உடையை அழுத்துகிறது என்றால், அதன் மேலும் கீழும் துணி பிதுங்க வேண்டும். காலணியின் வாய்க்கும் கணுக்காலுக்கும் நடுவே ஒரு நிழல் விழ வேண்டும். ஒரு பொருள் மற்றொன்றின் மேல் எடையோடு இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் நம்புவது இந்தச் சிறு இடங்களைப் பார்த்துத்தான்.

நுணுக்கங்கள்

தோலின் சுருக்கம், நரம்பு, துணியின் தையல் ஆகியவை கடைசி. இணைத்த மெஷ்ஷைச் சீரான நாற்கரங்களாகப் பின்னிக்கொண்டு, மல்டிரெசல்யூஷன் மாடிஃபையரைச் சேர்த்தால், ஒவ்வொரு நிலைக்கும் பாலிகன்கள் நான்கு மடங்காகப் பெருகும். நுணுக்கத்தை மேல் நிலையில் செதுக்கிவிட்டு, கீழ் நிலைக்கு இறங்கி முழு வடிவத்தையும் திருத்தலாம். இந்த மாடிஃபையர் இருக்கும்போது வோக்சல் ரீமெஷ் செய்ய இயலாது என்பதால், பெரிய மாற்றங்கள் எல்லாம் முடிந்த பிறகே இங்கே வாருங்கள். நுணுக்கத்தின் அளவு எல்லாப் பாகங்களிலும் ஒத்திருக்கட்டும். முகத்தில் மயிர்க்கால் வரை தெரிந்து, சட்டை வழவழவென்று இருந்தால் கண்ணை உறுத்தும்.

முப்பரிமாண அச்சுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பாகமும் ஓட்டையில்லாமல் மூடிய பரப்பாக இருக்க வேண்டும். பாகங்களைச் செருகிப் பொருத்த முளையும் குழியும் அமைத்து, குழியைச் சற்றே பெரிதாக வைக்க வேண்டும். அந்த இடைவெளி அச்சு எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஒரு சிறு துண்டை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உருவம் முடிந்ததும், இணைப்பதற்கு முன் சேமித்த கோப்பை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள கண்விழிகள், பல்வரிசை, காது, கை ஆகியவற்றைத் தனிக் கோப்பில் பெயரிட்டு வையுங்கள். அடுத்த உருவத்தில் ஃபைல் மெனுவின் அப்பெண்ட் கட்டளை மூலம் அவற்றை அழைத்து, அந்த உருவத்தின் வயதுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் உள்ள வலது கை ஆறாவது உருவத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலின் அடியை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.